சாஷ்டாங்கமாக ஒரு ஸ்னோபோர்டு பயிற்சி

நாற்பத்தெட்டு வயதுப் பெண் முழங்காலுக்குத் தைலம்தான் வாங்க வேண்டும், ஸ்னோபோர்டு வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? வாங்கினேன். கல்லூரித் தோழிகளோடு காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போக டிக்கெட்டும் போட்டேன்.

“மயிலாப்பூர்ல குளத்தைச் சுத்தி வந்தாலே உனக்கு மூச்சு வாங்கறது. பனியில சறுக்கப் போறயா?” என்றார் கணவர். “முதல்ல இங்கே பழகு, பார்க்கறேன். ஒரு தடவை விழுந்தாலும் டிக்கெட் கேன்சல்.”

“சரி” என்றேன். (வாய்க்கொழுப்பு, வேறென்ன?)

பூட்ஸ் விஷயத்தில் மட்டும் என் புத்திசாலித்தனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. தி.நகரில் கடை கடையாக ஏறினேன். மழைக்கால ரப்பர் பூட்ஸைத்தான் காட்டினார்கள். ஆன்லைனில் தேடினேன். சாதாரண வகை என்றால், காலைப் பலகையோடு சேர்த்து வார் போட்டு இறுக்க வேண்டும். அதற்குப் பனியில் உட்கார்ந்து குனிய வேண்டும். குனிவதற்கும் எனக்கும் நடுவே என் வயிறு இருக்கிறது. இன்னொரு வகைக்கு வாரே கிடையாது. பலகைமேல் ஏறி மிதித்தால் போதும், ‘டக் டக்’கென்று பூட்டிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கினேன்.

எங்கள் வீட்டுக்குள் செருப்புக்கே அனுமதி இல்லை, பூட்ஸுக்கு ஏது? அதனால் ஃபிளாட் வாசலில் பலகையைப் போட்டு, ஏறி மிதித்தேன். டக், டக். ஆஹா! கணவர் காபி டம்ளரோடு நிலைப்படியில் நின்று, நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. குங்குமச் சிமிழும் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையுமாக இவருடைய பெரியம்மா.

“என்னடீ இது, வாசல்ல பலகையைப் போட்டுண்டு நிக்கறே? குங்குமம் எடுத்துக்கணும், கால்ல இருக்கறதைக் கழட்டு.”

கழற்றலாம். அதற்குக் குதிகாலுக்குப் பின்னால் உள்ள சின்ன நெம்புகோலை இழுக்க வேண்டும். இழுக்கக் குனிய வேண்டும். மாட்டுவதற்குக் குனிய வேண்டாம் என்று விளம்பரம் செய்த புண்ணியவான்கள், கழற்றுவதைப் பற்றி மூச்சே விடவில்லை!

குனிந்தேன். பலகை சாய்ந்தது. நான் பெரியம்மாவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகப் போய்ச் சேர்ந்தேன்.

“விழுந்துட்டே!” என்று கத்தினார் கணவர். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யார் விழுந்தா? நமஸ்காரம் பண்றேன்!” என்றேன் தரையிலிருந்தே. “பெரியம்மா, நான் குல்மார்க் போய்ட்டு நல்லபடியா திரும்பி வரணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்கோ.”

“பொம்மனாட்டி சாஷ்டாங்கமா பண்ணப்படாதேடீ…” என்று குழம்பினாலும் பெரியம்மாவின் கை தானாக உயர்ந்துவிட்டது. “க்ஷேமமா போய்ட்டு வா.”

“பெரியம்மா, அவ விழுந்தா! நான் பார்த்தேன்!”

“சும்மா இருடா. ஆசீர்வாதம் பண்ணியாச்சு. இனிமே போகாதேன்னு சொல்லப்படாது.”

கடைசியில் குனிந்து நெம்புகோலை இழுத்து என்னை விடுவித்தவரும் கணவர்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. (எனக்கென்ன!)

போனேன். குல்மார்க்கில் நான் விழாத இடமில்லை; கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

இன்றைக்கும் குடும்பக் கல்யாணங்களில் நான் நமஸ்காரம் செய்ய வந்தால், “தள்ளி நில்லுங்கோ, பலகையோட வந்தாலும் வருவா” என்று பெரியவர்கள் இரண்டடி பின்வாங்குகிறார்கள். பின்வாங்கட்டும். ஆசீர்வாதம் வாங்காமல் நான் எழுந்திருப்பதாக இல்லை.