பதினான்கு நாள் சட்டமும் ஒரு பாட்டில் ரத்தமும்

ரத்த தான முகாமில் ஜூஸ் குடிக்கிற நேரத்தில் எல்லாரும் வீரர்கள்தான். வருஷா வருஷம் திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு சார்பில் முகாம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊசியைப் பார்க்காமல் போட்டோகிராபரைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாட்ஸப் குழுவில் நாற்பத்தாறு கொடையாளர்கள் இருந்தார்கள். நான் தெரு சங்கத்தின் செகரெட்டரி. (நான் மட்டும் கொடுத்ததே இல்லை. இன்சுலின் போடுகிறவனிடம் ரத்தம் வாங்க மாட்டார்கள். அதனால் அதட்டல் வேலை என்னுடையது.)

கொரோனா வந்ததும் என் தலைக்கு மேல் இரண்டு கொம்பு முளைத்தது. தெருமுனையில் மூங்கிலைக் கட்டி, அதில் ஒரு சார்ட்டைத் தொங்கவிட்டேன்: ‘மருத்துவமனை சென்று வந்தோருக்குப் பதினான்கு நாள் அனுமதி இல்லை. இப்படிக்கு, செயலாளர்.’ பல்வலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மனிதரை நிஜமாகவே திருப்பி அனுப்பினேன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் கீரை கொண்டுவரும் கோவிந்தம்மாவுக்கும் தடை. மூங்கிலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் கட்டுகளை வைத்துவிட்டு அவர் ஆறடி தள்ளி நிற்க வேண்டும். நான் கீரைமேல் பம்பால் மஞ்சள் தண்ணீர் அடித்த பிறகுதான் வியாபாரம். நினைத்தால் இப்போதுகூட என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் திருவேற்காட்டிலிருந்த என் தங்கை மலருக்குப் பிரசவம் நெருங்கியது. போனிலேயே ஏற்பாடு செய்து ஆவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவள் கணவர் புனேயில் மாட்டிக்கொண்டிருந்தார். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு, நாளைக் காலையில் ஆபரேஷன், ஒரு யூனிட்டாவது கையில் இல்லாமல் தொட மாட்டோம் என்று போனில் சொன்னார் டாக்டர். அந்த ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அவள் குரூப் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் யாராவது ஒருவர் வந்து ரத்தம் கொடுத்தால் அதைத் தருவார்கள். எந்த குரூப்பாக இருந்தாலும் சரி.

எந்த குரூப்பாக இருந்தாலும்! நாற்பத்தாறு பேரை வைத்திருப்பவனுக்கு இது ஒரு கவலையா? மீசையை முறுக்கிக்கொண்டு குழுவில் செய்தி போட்டேன். நாற்பத்தாறு நீல டிக் வந்தது. ரத்தம் வரவில்லை.

போனை எடுத்தேன். கொடுத்தால் எதிர்ப்பு சக்தி அத்தனையும் பாட்டிலுக்குப் போய்விடும் என்றார் ஒருவர். கபசுரக் குடிநீர் குடித்துக் குடித்துத் தன் ரத்தமே கசந்திருக்கும், வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று என் தங்கைக்காக வருத்தப்பட்டார் இன்னொருவர். மூன்றாமவர் போன வருஷத்துச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினார். நான் போட்ட செய்தியையே ‘அவசரம், அதிகம் பகிரவும்’ என்று எனக்கே அனுப்பிய புண்ணியவானை என்ன செய்வது? என் மனைவி ஒருத்திதான் கிளம்பினாள். அவள் எடை நாற்பத்திரண்டு கிலோ, அதற்கு வங்கியில் ஒப்ப மாட்டார்கள்.

கடைசியாக பாஸ்கர். எட்டு முறை கொடுத்தவர், சான்றிதழ்களை ஹாலில் மாட்டியிருப்பவர். அவராவது நேராகப் பேசினார்.

“குடுக்க நான் ரெடி சார். குடுத்துட்டு எங்க போறது? ஆஸ்பத்திரிக்குப் போனா உள்ள விடமாட்டேன்னு எழுதி வச்சது நீங்கதான?”

இந்த ஒரு தடவை சட்டத்தைத் தளர்த்திவிடலாம் என்று குழைந்தேன்.

“அப்ப போன வாரம் பல்வலின்னு போயிட்டு வந்த என் மச்சான ஏன் சார் திருப்பி அனுப்புனீங்க?”

போனை வைத்துவிட்டார். மணி இரண்டே கால். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தங்கையின் உயிரை நானே சார்ட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன் என்று புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. மிச்சக் கீரையோடு அந்தப் பக்கம் வந்த கோவிந்தம்மா, ஆறடி தள்ளி நின்றபடியே, மூஞ்சி ஏன் இப்படிக் கிடக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். யாரிடமாவது புலம்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. (அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.)

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

“என்னைத்தான் நீ உள்ளயே உடலியே சார். எனக்கு இன்னா பதினாலு நாளு? வண்டிய எடு.”

ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். பையிலிருந்த சானிடைசருக்குப் பழக்கதோஷத்தில் போன கையை வெட்கத்தோடு இழுத்துக்கொண்டேன். அவர் ரத்தத்தைச் சோதித்த நர்ஸ், இந்தக் காலத்தில் இப்படியொரு ஹீமோகுளோபினா என்று வியந்தார். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மலருக்கான பாட்டில் என் கைக்கு வந்தது. அதைக் கொடுத்துவிட்டு வந்து கோவிந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சும்மா இரு சார், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அதட்டினார்.

அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் தெருவுக்கு வந்தால், மூங்கிலுக்கு அந்தப் பக்கம் பாஸ்கர் நிற்கிறார். சார்ட்டைச் சுட்டிக்காட்டினார். என் மனைவி இந்தப் பக்கம் ஒரு பையைத் தள்ளினாள். லுங்கி, இன்சுலின், பல்பொடி. போக்கிடம் இல்லாமல் முத்தாபுதுப்பேட்டைக்கே திரும்பினேன். பதினான்கு நாளும் கோவிந்தம்மா வீட்டு மொட்டைமாடிதான் எனக்கு. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அவர் ஆறடி தள்ளி நிற்கவில்லை.

மறுநாள் காலையிலேயே மலருக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். ஒரு வயதில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவது வழக்கம்? பட்டு வேட்டி, புதுத் தோடு, சீர்த்தட்டு சகிதம் நானும் சம்மணமிட்டு மடியைத் தயார் செய்து உட்கார்ந்தேன். மலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய், கோவிந்தம்மாவின் மடியில் உட்கார வைத்தாள்.

“ரத்தம் குடுத்தவங்கதான் தாய்மாமன். நீ தள்ளி உக்காருண்ணே.”

குழந்தைக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. கோவிந்தம்மாவை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறது. என்னை, ‘செகரெட்டரி’.