கேட்சர் கவசத்துக்கு மூன்று உத்தரவு

சாமி மறுபடியும் சிரித்துவிட்டார்.

உத்தரவு கேட்டுப் போட்ட பிறை வடிவக் கட்டைகள் இரண்டும் தரையில் மல்லாந்து கிடந்தன. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் மறுக்கிறார். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால்தான் உத்தரவு. அதுவும் தொடர்ந்து மூன்று முறை விழவேண்டும்.

"கேட்சர் கவசம் வேணும்னுதானே கேட்டேன்? இதுல சிரிக்க என்னக்கா இருக்கு?" என்றாள் பெய்ஜென் டீச்சர்.

"சாமிகிட்ட கேக்குற மாதிரியா கேட்டீங்க? கடைக்காரன்கிட்ட பட்டியல் வாசிக்கிற மாதிரில்ல இருந்துச்சு!"

காவ் அக்கா, கோயில் கமிட்டித் தலைவரின் மனைவி. ஒரு வாரம் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள். தலைவர் முந்தின நாளே கோயில் வேலையாகச் சின்லே தெருவுக்குப் போய்விட்டார். 'மூணு உத்தரவு விழுந்தா கோயில் காசுல டீச்சருக்குக் கவசம் வாங்கிக் குடு' என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்.

காவ்ஷியுங் துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பள்ளியில் பேஸ்பால் அணி இருப்பதே அதிசயம். கணக்கு டீச்சர்தான் பயிற்சியாளர். பன்னிரண்டு பிள்ளைகள், ஏழு கையுறைகள். கவசம் உடைந்ததிலிருந்து கேட்சர் ஷூஃபென் ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடுதான் பந்து பிடிக்கிறாள். நாளைக்கு நகரப் போட்டி. முதல் ஆட்டமே சின்லே தெருப் பள்ளியோடு. முறையான கவசம் இல்லையென்றால் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"சும்மா கேட்டா எப்படி? ஏதாவது நேந்துக்கங்க" என்றாள் அக்கா.

டீச்சர் கண்ணை மூடினாள். "சாமி, கவசம் குடுங்க. சின்லே பசங்கள பத்து ரன்ல ஜெயிச்சுக் காட்டுறோம்."

இரண்டும் கவிழ்ந்தன.

"பத்து பத்தலையோ?"

"இருபதுன்னு சொல்லுங்க."

இருபதுக்கு ஒரு கட்டை கோபமாக எகிறி மேஜைக்கடியில் ஓடியது. எடுக்கக் குனிந்த டீச்சர் நிமிரும்போது தலையால் மேஜையை முட்ட, படையல் ஆரஞ்சுகள் கோயில் முழுக்க உருண்டன. எல்லாத் தெருக் கோயிலிலும் இருக்கும் அதே வெள்ளைத் தாடியோடு சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருவிழாவுல எங்க பிள்ளைங்க பன்னெண்டு பேரும் உங்க பல்லக்கத் தூக்குவாங்க சாமி!"

உத்தரவு. மறுபடியும் உத்தரவு. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவதைப் போடும்போது, "சின்லேக்காரங்க மூக்க உடைச்சிட்டு நேரா வந்து தூக்குவோம்!" என்று சேர்த்துக்கொண்டாள்.

சாமி சிரித்தார். கணக்கு முதலிலிருந்து.

"உங்க வாய் சும்மாவே இருக்காதா டீச்சர்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேரமாகிக்கொண்டிருந்தது. அழுகை முட்டியது.

"பொய் சொல்லிட்டேன் சாமி. போன வருஷம் இருபத்தோரு ரன்ல தோத்தோம். இந்த வருஷமும் தோப்போம். ஆனா ஷூஃபென் இருக்காளே, அந்த ஹெல்மெட்டுக்குள்ள இருந்துக்கிட்டே, வர்ற ஒவ்வொரு பந்தையும் கண்ண இமைக்காம பாக்குறா. பயமா இல்லையாடின்னு கேட்டேன். 'பந்த விட்டாத்தான் பயம் டீச்சர்'ங்கிறா. அவள ஒரு தடவ ஒழுங்கான கவசத்தோட உக்கார வைங்க. அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களும் நல்லா ஆடட்டும். யார் ஜெயிச்சா என்ன!"

கட்டைகள் விழுந்தன. ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது.

இரண்டாவது முறையும் அப்படியே.

மூன்றாவதில் ஒரு கட்டை கவிழ்ந்துவிட்டது. மற்றது விளிம்பில் நின்று ஆடியது. அக்கா வாயில் கைவைத்தாள். கட்டை நிதானமாக, ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்வதுபோல மல்லாந்து படுத்தது.

டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஊதுவத்திப் புகை அசையாமல் நிற்பதுபோல இருந்தது. இத்தனை பெரிய ஊரில் பன்னிரண்டு பிள்ளைகளின் ஏழு கையுறைகளை யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நெற்றி தரையில் பட வணங்கினாள்.

"நம்ம சாமி நம்மள விட்டுக்குடுப்பாரா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போன் போட்டாள் அக்கா.

வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. சிவப்புத் துணியோடு இறங்கிய ஆள் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா. நேத்து உங்க சாமி எங்க தெருவுக்கு விருந்துக்கு வந்தாரு, எங்க சாமி இங்க வந்தாரு. இவர இப்பவே சின்லே தெருவுக்குக் கூட்டிட்டுப் போகணும், நாளைக்கு எங்க பிள்ளைங்களுக்கு மேட்ச் இருக்கு."