படுதா நானாவும் கூரை இல்லாத காடியும்

மலாக்காவில் எந்தப் பொருள் திறந்து கிடந்தாலும், அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சோறு தின்ன முடியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் படுதா நானாதான். யாராவது அளவு எடுத்துக் கொடுத்திருந்தால் கடலுக்கே ஒரு மூடி தைத்துப் போட்டிருப்பார்.

எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம் பெரியவர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் யாருக்குமே தெரியாது என்று நினைக்கிறேன். கடைக்கு மேலே பெயர்ப்பலகை இருந்தது. அதற்கும் உறை போட்டு வைத்திருந்தார்.

கேன்வாஸ் தைப்பது அவர் தொழில். கடை வாசலுக்குப் படுதா, லாரிக்குத் தார்ப்பாய் என்று எதைக் கேட்டாலும் தைப்பார். அவர் கடைக்குப் பின்வீடு எங்களுடையது. அம்மா வேலிக்கு மேலாகத் துணியை வாங்கிக் கொடுப்பார். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து ஓரம் அடித்து, பட்டனுக்குப் பின்னால் தோல் துண்டு வைத்துத் தைத்துக் கொடுப்பேன். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் செய்கிற வேலை. எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் கால் பின்னிக்கொள்ளும் பெண் நான்.

நானா கடைக்குள் போனால் மணி பார்க்கக்கூட கடிகாரத்தின் பாவாடையைத் தூக்க வேண்டும். குடைக்கு உறை உண்டு. மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று, அதை உறையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து வருவார். மலாயாவுக்கு மெர்டேக்கா அறிவித்த அன்று அவர் கடை ரேடியோ முன்னால் தெருவே கூடி நின்றது.

"நானா, இன்னிக்காச்சும் அந்தத் துணிய எடுங்க லா!"

"ஏன், சத்தம் வருதுல்ல? ரேடியோ மூஞ்சியப் பாத்து என்னா பண்ணப் போறீங்க?"

எங்களுக்குச் சுதந்திரம் படுதாவுக்குள்ளிருந்துதான் வந்தது.

"ஏன் நானா, எல்லாத்தையும் மூடி மூடி வைக்கிறீங்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"வெயிலு, மழ, கண்ணு. மூணும் ஒண்ணுதான் தங்கச்சி. பட்டுச்சுன்னா நெறம் போயிரும்" என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மெர்டேக்காவுக்கு முன்பே, ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தம் காடியில் வந்து இறங்கினார். காடி என்றால் எங்கள் ஊரில் மோட்டார் கார். சிவப்பு நிறம், இரண்டே சீட், தலைக்கு மேல் வானம். நானா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டை போடாத ஆளைப் பார்த்ததுபோல் அவருக்கே கூச்சமாகிவிட்டது.

"இது என்னா காடி தொர? இதுல ஏறிக் குளிக்கிறதா, குளிச்சிட்டு ஏறுறதா?"

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். "சீட்டு மேலே நல்ல மூடி வேணும் நானா. வெயில் வரக்கூடாது, தூசி வரக்கூடாது."

இந்த வார்த்தைக்காகவே நானா பிறந்திருக்க வேண்டும். கறுப்புக் கேன்வாஸ் எடுத்து, சுற்றிலும் டப்பென்று அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் பித்தளைப் பட்டன் வைத்து, மத்தளத்துத் தோல்போல இழுத்து மூடிவிட்டார். துரை வந்து தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு முகம் மாறியது.

"நான் எங்கே உக்காருது?"

"உக்காந்தா தூசி உள்ள போயிரும் தொர."

"வண்டி ஓட்டணும், நானா!"

"ஓட்டுனாத்தானே தூசியே வருது?"

துரை தரையில் குந்தி, குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். நடுவில் நீளமாக ஒரு ஜிப்பு. ஓட்டுகிறவர் பக்கம் திறந்துகொள்ளும், பக்கத்து சீட்டு மூடியபடியே இருக்கும்; அங்கே யாராவது உட்கார்ந்தால் தலை நீட்ட, அந்தச் சீட்டுக்கு நேரே இன்னொரு ஜிப்பு. நானா பெருமூச்சு விட்டார். "சரி, பாதியாச்சும் தப்பிச்சிச்சே." இரண்டு ஜிப்பின் ஓரங்களையும் நான்தான் தைத்தேன். அதில் ஒன்று என் தலைமேலேயே வந்து உட்காரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மெர்டேக்கா முடிந்ததும் துரை கப்பல் ஏறிவிட்டார். காடியைப் பண்டார் ஹிலிரில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி வாங்கினார்; தவுக்கே என்போம் அவரை. அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவரைத்தான் எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். கல்யாணத்துக்குத் தவுக்கே காடியை இரவல் கொடுத்தார். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை.

"எம் மருமவள ஊரே பாக்கணும்! கூர இல்லாத காடியில கொண்டாந்து வாசல்ல எறக்குவோம்."

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேளத்தோடு காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் வரை திறந்த காடியில்! அத்தனை கண்ணும் என்மேல்!

நானா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "புள்ள ஏன் தங்கச்சி அழுவுது?"

அம்மா சொன்னார். நானா, "அந்தக் காடிக்கு நான் தச்ச மூடி இருக்குல்ல?" என்றார்.

கோயிலில் தாலி ஏறியது. இரண்டே சீட் என்பதால் தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளையே ஓட்ட உட்கார்ந்தார். நான் இடப்பக்கம். கஞ்சி போட்ட சட்டையும் பட்டுக் கைலியுமாக நானா வந்து, "பட்டுச் சேலையில தூசி படக்கூடாது" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, டப் டப்பென்று என் பக்கத்தை மூடினார். கழுத்து வரைக்கும்தான். என் பக்கத்து ஜிப்பைத் திறந்து விட்டதால் முகம் மட்டும் வெளியே இருந்தது.

முதல் தவுல் அடி விழுந்தது. நான் மாலையோடு கீழே சறுக்கி, ஜிப்பை உள்ளிருந்தே விரலால் இழுத்துச் சேர்த்துக்கொண்டேன். பின்னால் நடந்து வந்த நானா பார்த்தாராம். தடுக்கவில்லை. முழுசாக மூடிவிட்டதில் அவருக்குச் சந்தோஷம்.

உள்ளே இருட்டு, கேன்வாஸ் வாசம், மல்லிகை வாசம். தலைக்கு மேலே என் தையல். மேலேயிருந்து மெதுவாக மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"உள்ள மூச்சு விட முடியுதா?"

"ம்."

நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வெளியே நடந்ததையெல்லாம் காதால் கேட்டேன். கம்போங் செட்டி பக்கம் ஒரு கிழவியம்மா, "அலாமாக்! பெங்கான்தின் மானா?" என்று மலாயில் பொண்ணைத் தேடினார். கோப்பிக் கடையிலிருந்து ஒருவர், "மாப்ள மட்டும் வர்றாரு, பொண்ணு எங்க லா?" என்றார்.

"உள்ள இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எதுக்குள்ள?"

"ஓடிப்போச்சாம்ப்பா!" என்றது இன்னொரு குரல். காடி ஊர்வலமாக மெதுவாகப் போனது. பேச்சு சைக்கிளில் போனது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் மாமியார் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயிலடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, எம் புள்ள தனியா வர்றானே! பொண்ணு இல்லாத காடி எதுக்குடா? வாசல்ல நிறுத்தாத, திருப்பிக் கொண்டு போ!"

"உள்ள இருக்கும்மா" என்று என் வீட்டுக்காரர் சொன்னது மேளச் சத்தத்தில் மாமியார் காதில் ஏறவில்லை. பின்னால் வந்த என் அம்மா அழுகிற சத்தமும் கேட்டது. நான் எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். எனக்குத் தெரிந்தது. கை எழவில்லை.

அப்போது ஜிப்பு ஒரு விரல் அகலம் திறந்தது. வெளிச்சத்தில் நானாவின் ஒரு கண்.

"புள்ள, வெளிய வா."

"கண்ணு பட்டா நெறம் போயிரும்னு நீங்கதானே நானா சொன்னீங்க?"

"அது கேன்வாசுக்குச் சொன்னது புள்ள. மனுச மூஞ்சிக்கு இல்ல."

வாழ்நாளில் எதையும் திறந்து வைத்துப் பழகாத கை. இழுத்தார். ஜிப்பு பாதியில் சிக்கியது. "யாருடா தச்சது இத!" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த இழுப்பில் மொத்தமும் திறந்தது.

பிதுங்கிய மாலை, கோணல் நெற்றிச்சுட்டி, சிரித்த முகம். ஊர் முழுக்கப் பார்த்தது. மாமியார், "அடியே, இங்கதான் இருக்கியா!" என்று அழுதுகொண்டே தட்டை எடுத்தார். ஸ்டூடியோக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் பிடித்துவிட்டார்.

மூத்தவன் பிறந்த பிறகு, அவனைக் காட்டிவரக் கடைக்குப் போனோம். நானா முதலில் பிள்ளையின் தலையில் குல்லாய் இல்லையே என்று கோபித்துக்கொண்டார். கடிகாரத்துக்கு உறை, ரேடியோவுக்கு உறை, பூனை படுக்கிற பெட்டிக்கும் உறை. சுவரில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. சிவப்புக் காடி, தலைப்பாகையோடு என் வீட்டுக்காரர், நான், ஓரத்தில் ஜிப்பைப் பிடித்த நானாவின் கை.

அதன்மேல் மட்டும் துணி இல்லை. கண்ணாடியில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தூசியும் இல்லை.