அடைய முடியாத இடத்துக்கு ஒரு பயிற்சி நடை

இமயமலையில் ஏறுவது ஒன்றும் பெரிய காரியம் அல்ல. இரண்டு கால் உள்ளவன் ஏறிவிடுவான். நாலு கால் உள்ள கவரிமா அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. ஏறுவதற்குத் 'திட்டமிடுவது' இருக்கிறதே, அதுதான் மனித குலத்தின் மகத்தான சாதனை. அந்தச் சாதனையைப் பதினாறு மாதங்களாக இடைவிடாமல் நிகழ்த்திவந்த ஒரே அமைப்பு எங்கள் கண்டி உயர்மலை நடையாளர் சங்கம். அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

சங்கத்தில் மூன்று பேர். தலைவர் யாகப்பர் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டியில் முப்பது வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். உபதலைவர் ஷிராஸ், கெலிஓயாவில் சப்பாத்துக் கடை வைத்திருப்பவர். செயலாளர் சாந்தகுமார் ஆகிய நான். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். இப்போது அந்தப் பதவிக்கு 'முகாமைத்துவ உதவியாளர்' என்று பெயர். வேலை செய்யாதிருக்கும் முறை பழையதுதான். சாதாரண உறுப்பினர் என்று எவரையும் நாங்கள் சேர்க்கவில்லை. தரம் குறைந்துவிடும்.

ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஷிராஸின் கடை மேல்மாடியில், சப்பாத்துப் பெட்டிகளுக்கு நடுவே கூடுவோம். போக வேண்டிய இடம் முதல் கூட்டத்திலேயே தீர்மானமாகிவிட்டது. நேபாளத்தின் வடமேற்கு மூலையில், கடைசிப் பஸ் நிற்கும் ஊரிலிருந்து ஒன்பது நாள் நடந்தால் வரும் ஒரு கணவாய். உயரம் ஐயாயிரத்து நானூறு மீற்றர்.

"அங்க கடை கண்ணி ஏதும் ஈக்கா மாஸ்டர்?" என்று கேட்டார் ஷிராஸ்.

"இல்லை."

"ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்லை. அதுதானே விசேஷம்!"

மூன்று பேருக்குள் ஏழு உபகுழுக்கள் அமைத்தோம். அனுமதிப்பத்திர உபகுழு, கூடார உபகுழு, மூச்சுத்திணறல் உபகுழு என்று வரிசையாக. எல்லாவற்றிலும் கடினமாக உழைத்தது உணவு உபகுழுதான். அந்த உயரத்தில் தண்ணீர் எண்பத்திரண்டு பாகையிலேயே கொதித்துவிடும் என்று மாஸ்டர் கரும்பலகையில் கீறி விளக்கினார்.

"அப்பிடியெண்டா சோறு வடிவா அவியாது."

"பருப்பு?"

"அதுவும் அவியாது."

ஷிராஸின் முகம் வாடிவிட்டது. "கொத்து ரொட்டி?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நெடுநேரம் யோசித்தார். "கொத்துறதுக்குக் கொதிநிலை தேவையில்லை" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இப்படி முப்பத்தொரு கூட்டங்கள். முப்பத்தொரு கூட்டக் குறிப்புகளிலும் கையெழுத்திட்டவன் நான். சங்கம் இப்படியே சிறப்பாக நடந்திருக்கும். என் மனைவி பியட்றிஸ்தான் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது குறுக்கே விழுந்தாள்.

"ஏங்க, இந்த மூணு பேர்ல யாராச்சும் ஒரு மலையில ஏறிப் பாத்திருக்கீங்களா?"

கேள்வி நியாயமற்றது. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் அதைச் சபை முன் வைத்தேன். 'பயிற்சி நடை' ஒன்று தேவை என்று முடிவாயிற்று. ஹந்தானை மலை முதலில் பரிசீலிக்கப்பட்டது. அங்கே தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதால் கைவிடப்பட்டது. மாஸ்டர் வரைபடத்தில் கலஹாவுக்கு மேலே ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ. அஞ்சுமலைத் தோட்டம், மேக்கணக்கு. செங்குத்தான ஏத்தம், வாகனம் போகாது. கடவுள் எங்களுக்கெண்டே செய்து வச்ச இடம்."

அந்த இடம் எனக்குத் தெரியும். பார்த்ததில்லை, கந்தோர்க் கோவையில், அதாவது பைலில், படித்திருக்கிறேன். மேக்கணக்கு என்பது தோட்டத்தின் மேற்பிரிவு. இரண்டு வருடங்களுக்கு முன் பெய்த மழையில் அதற்கான ஒற்றையடிப் பாதை சரிந்து போயிற்று. சரிந்த இடத்தில் படி கட்டித் தாருங்கள் என்று அங்குள்ளவர்கள் எங்கள் கந்தோருக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார்கள். படி கட்டுவதென்றால் முதலில் உத்தியோகத்தர் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். கந்தோர் ஜீப் அங்கே ஏறாது என்று சாரதி சொன்னார். ஜீப்பால் போக முடியாத இடத்துக்கு உத்தியோகத்தர் எப்படிப் போவது? ஆகவே, 'மேற்படி இடம் உத்தியோகத்தர் எவரும் அடைய முடியாததாக உள்ளமையால் கள ஆய்வு சாத்தியமற்றது' என்று பதில் தயாரித்தேன். அவர்கள் கேட்டது படிகள். நாங்கள் அனுப்பியது பதிலின் மூன்று படிகள். எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் சபையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு இடம் பார்க்கலாம் என்றேன். இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் தோற்றேன்.

பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று காலை பேராதனையில் கலஹா பஸ்ஸில் ஏறினோம். ஆளுக்கொரு பஞ்சு அடைத்த குளிர்ச் சட்டை, இரண்டு ஊன்றுகோல். ஷிராஸ் தன் கடையிலிருந்து கொண்டுவந்த சப்பாத்துகள் பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகை உறைபனி வரை தாங்கக்கூடியவை. கலஹாவில் அன்று நல்ல வெயில்.

தேயிலைக் காட்டுக்குள் ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் மாஸ்டர் ஒரு கல்லில் அமர்ந்தார். உயரத்துக்கு உடம்பைப் 'பழக்கப்படுத்துகிறாராம்'. அடுத்த நூறு அடிக்குள் நாலு முறை பழக்கப்படுத்தினார். நாங்கள் மூவரும் அங்கத்தவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தோம். மலையின் அட்டைகள் எங்கள் கால்களில் அங்கத்துவம் பெற்றன. ஷிராஸின் சப்பாத்து ஒன்று வாயைப் பிளந்தது.

"உறைபனிக்குத்தான் உத்தரவாதம் ஈக்கிது. சேத்துக்கு இல்ல" என்றார் அவர், கடைக்காரர் குரலில்.

பாதை சரிந்த இடத்துக்கு வந்தோம். பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு வெறும் செம்மண். பிடித்துக்கொள்ள ஒரு வேர். அதைப் பார்த்தபடி நின்றபோது, பின்னால் ஓர் அம்மா வந்தார். தலையில் கோதுமை மா மூட்டை, காலில் றப்பர் செருப்பு. மூச்சு வாங்கவில்லை.

"எங்கய்யா போறீங்க, இந்த வெயில்ல இம்புட்டுக் கம்பளியப் போட்டுக்கிட்டு?"

"இமயமலைக்கு" என்றார் மாஸ்டர், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே. "இது அதுக்குப் பயிற்சி."

"அங்க மேல சனம் இருக்குதுங்களா?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

அவர் மூட்டையை ஒரு கையால் சரிசெய்தார். "சனமே இல்லாத எடத்துக்கா இவ்வளவு தூரம் போவீங்க? இங்க மேல தொண்ணூறு குடும்பம் இருக்கோம். கந்தோர்லருந்து ஒருத்தர எட்டிப்பாக்கச் சொன்னா, வர முடியாதுங்கிறாங்க."

"ஏன் வர முடியாது?" என்று மாஸ்டர் வெகுண்டார். தலைவருக்குரிய கம்பீரத்தோடு என் தோளில் கை வைத்தார். "இவர் கந்தோர்க்காரர்தான். இந்தா, வந்திருக்கிறார்!"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவர் பெயர் வேலாயி என்று பிறகுதான் தெரிந்தது. மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்து, "பாதையப் பாக்க ஐயா வந்துட்டாங்க!" என்று கூவினார். அப்படி இல்லை என்று சொல்வதற்காக நான் அவசரமாக ஓர் அடி பின்னால் வைத்தேன். பின்னால் பாதை இருக்கவில்லை.

எட்டு அடி கீழே ஒரு தேயிலைச் செடி என்னைத் தாங்கிக்கொண்டது. வலது கணுக்கால் பிசகிவிட்டது.

இரண்டு பேர் இறங்கி வந்து என்னைத் தூக்கி, லயத்துக்குக் கொண்டுபோனார்கள். காலுக்கு எண்ணெய் போட்டுத் துணி கட்டினார்கள். தேத்தண்ணி வந்தது. வேலாயி அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இதாங்க ஐயா அவங்க போட்ட காயிதம். கையெழுத்து யாருதுன்னுதான் வெளங்கல."

"எனக்கும் வெளங்கலம்மா" என்றேன். எவருக்கும் விளங்காமல் இருப்பதுதான் அரசாங்கக் கையெழுத்தின் அழகு.

ஷிராஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு என் காதில், "செயலாளர், இது நம்மட கூட்டக் குறிப்புல ஈக்கிற கையெழுத்துத்தானே?" என்றார்.

"மெதுவாப் பேசுங்க."

என்னை உட்காரவைத்துக் கீழே கொண்டுபோக ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. அதன் இரு பக்கமும் மூங்கில் கட்டியிருந்தது. அவசரத்துக்குச் செய்தது அல்ல. மூங்கில், தோள் பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்தது.

"போன மாசம் என் மருமகளையும் இதுலதான் எறக்குனோம்" என்றார் வேலாயி. "பாதி வழியிலேயே புள்ள பொறந்துருச்சு."

"புள்ள எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குங்க. அது அழுத அழுகையப் பாத்தா, மலையத் தானே ஏறி வந்த மாதிரி இருந்துச்சு."

நாலு பேர் என்னைச் சுமந்தார்கள். சரிந்த இடத்தில் முன்னால் இருந்தவர் குந்தியபடி, மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டே வேரைப் பிடித்து இறங்கினார். அவருடைய கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். றோட்டுக்கு வர நாற்பது நிமிடம். தலைவரும் உபதலைவரும் வந்துசேர இரண்டு மணித்தியாலம்.

"கண்ணால பாத்துட்டீங்க ஐயா" என்றார் கூடவே வந்த வேலாயி. "எழுதிருவீங்கதானே?"

"எழுதுறேன்" என்றேன்.

எழுதினேன். கட்டுப் போட்ட காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு, இரண்டு நாள் லீவில் நாலு பக்கம். எங்கே சரிந்திருக்கிறது, எத்தனை படி வேண்டும், கைப்பிடிக் கம்பி எவ்வளவு நீளம் என்றெல்லாம். பியட்றிஸ் முழுவதையும் வாசித்தாள். கேலி செய்வாள் என்று பார்த்தேன். "இதையாச்சும் ஒழுங்காக் கொண்டுபோய்க் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் மேலதிகாரி ஷாமலா மேடம் என் அறிக்கையையும் பழைய பதிலையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"சாந்தகுமார், இதுல ஒரு சிக்கல் இருக்கே. உத்தியோகத்தர் யாரும் அடைய முடியாத எடம்னு எழுதினது நீங்க. போனேன்னு எழுதியிருக்கிறதும் நீங்க."

"போனது உண்மை மேடம். காலைப் பாருங்க."

"காலைக் கோவையில சேர்க்க முடியாதே. கோவையில இருக்கிறபடி யாரும் அங்க போக முடியாது. அப்ப நீங்களும் போயிருக்க முடியாது." அவர் கோபப்படவில்லை, என் மீது அக்கறையோடுதான் பேசினார். "அந்தக் கடிதம் பொய்யின்னா உங்க மேல விசாரணை வரும். அடுத்த மாசம் தர உயர்வு நேர்முகம் வேற இருக்கு. ரெண்டுல ஒண்ண வாபஸ் வாங்குங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் பதினாறு மாதத் திட்டமிடல் எனக்குக் கைகொடுத்தது. உயர்மலை ஏற்றத்தின் முதலாவது விதி: காலநிலை சரியில்லை என்றால், உச்சிக்கு அருகில் நின்றாலும் திரும்பிவிட வேண்டும். நான் திரும்பினேன். அறிக்கையை வாபஸ் பெற்றேன். ஏறாத மலையில் ஏறியதாகப் புளுகியவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். ஏறிய மலையில் ஏறவே இல்லை என்று எழுதிக் கொடுத்த வீரன் நான் ஒருவன்தான்.

தர உயர்வு கிடைத்துவிட்டது. போன வாரம் மேக்கணக்கிலிருந்து நாலாவது கடிதம் வந்தது. கந்தோரிலிருந்து ஓர் ஐயா நேரில் வந்து, காலில் அடிபட்டும் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார், நல்ல மனுசர், அவரை விசாரித்தால் விபரம் சொல்வார் என்று வேலாயி யாரையோ கொண்டு எழுதியிருந்தார். அப்படி ஒருவர் அங்கே வந்ததே இல்லை என்று பதில் எழுதி, நானே கையெழுத்திட்டேன்.