மாவு மாத்திரை மாப்பிள்ளை

பெண் வீட்டார் வீடு பார்க்க வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் அடி அண்ணாமலையில் இளவரசன் வீட்டு வாசலுக்கு ராஜம்மாள் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"டாக்டரே, முட்டி வலி உயிர் போவுது. ஒரு மாத்திரை குடு."

"அத்தை, நான் அந்த டாக்டர் இல்ல. படிச்சு வாங்கின டாக்டர் பட்டம். மருந்துக் கம்பெனில ஆராய்ச்சி பண்றவன்."

ஒன்பது வருடமாக ஐதராபாத்தில் அவன் பார்க்கிற உத்தியோகம், ஒரே ஒரு மாத்திரை கண்ணாடி ஜாடியில் எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று உற்றுப் பார்ப்பது. பார்த்துப் பார்த்துத் தலைமுடிதான் கரைந்தது. சம்பளம் உண்டு, ஏசி உண்டு. 'உங்க மாத்திரையில குணமாச்சு' என்று சொல்ல ஒரு ஜீவன் வந்ததில்லை. ஐந்து சம்பந்தம் வந்து, "மருந்துக் கடையா வெச்சிருக்காரு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. இதுவும் போனால் தரகர் இந்தத் தெருவையே மறந்துவிடுவார்.

"பாவம், நொண்டறா! பேசிக்கினு நிக்கறியே!" அம்மா பாஞ்சாலை அதட்டினாள்.

பெண் வீட்டாரிடம் காட்ட ஒரு டப்பா மாத்திரை கொண்டுவந்திருந்தான். கம்பெனியில் மாத்திரை இயந்திரத்தைச் சோதிக்க அடித்தவை. மருந்தே இல்லாத வெறும் மாவு. தொல்லை விட்டால் போதுமென்று ஒன்றைக் கொடுத்தான்.

ராஜம்மாள் விழுங்கினாள். ஏப்பம் விட்டாள். கிரிவலம் போகிறவர்களையெல்லாம் முந்திக்கொண்டு நடந்தாள்.

பத்தே நிமிடத்தில் வாசலில் நொண்டிக்கொண்டு நாற்பது பேர்!

"இது வெறும் மாவுங்க!"

"அப்ப பத்தியம் இல்ல. ரெண்டா குடு!"

டப்பா சீக்கிரம் தீரட்டுமென்று இரண்டிரண்டாகக் கொடுத்தான். விழுங்கியவர்கள் குதித்தே காட்டினார்கள். ஒருவர் அவன் கையைப் பிடித்து, "நல்லா இருப்பா" என்றார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக இளவரசனுக்கு வேலை இனித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெண்ணின் அப்பா முருகவேல் வேங்கிக்காலிலிருந்து வந்த கார், கூட்டத்தில் சிக்கி நின்றது.

"பௌர்ணமிக்குக்கூட இவ்ளோ ஜனம் இல்லியே!" என்று இறங்கினார் முருகவேல்.

இளவரசனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "சார், நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்ல. இதுல மருந்தும் இல்ல, மாவு."

பாஞ்சாலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

முருகவேல் மாத்திரையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெறும் மாவுலயே ஊரைக் குணமாக்கறவரு, மருந்து போட்டா என்னா பண்ணுவாரு! தட்டு மாத்திக்கலாம் சம்பந்தி. மாப்ள, எனக்கும் ஒண்ணு குடுங்க, இடுப்பு பிடிச்சிக்கினு இருக்குது."

பாஞ்சாலைக்கு மூச்சு வந்தது. அப்போது ராஜம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"பாஞ்சாலை, சம்பந்தம் முடிஞ்சிடுச்சில்ல? நீ சொன்ன மாதிரி நாப்பது பேரையும் நொண்ட வெச்சு, குதிக்கவும் வெச்சாச்சு, இனிமே ஊட்டுக்குப் போலாமா?"