இடைவெளி அடைக்கும் மகான்

பழைய சினிமாக் கொட்டகை வாசலில் தொடங்கிய வரிசை பஸ் நிறுத்தத்தையும் தாண்டிப் போனது. உள்ளே நரம்பானந்தர். மூளையில் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டதாம். கை நடுக்கம், மறதி, மாமியார் மேல் கோபம் எல்லாம் அதனால்தானாம். அதை அடைக்க அவர் ஒருவரால்தான் முடியுமாம்.

முதல் ஆளாக நின்ற அறிவாளி யார் தெரியுமா? அடியேன்தான். உயிரியல் ஆசிரியர். நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, எல்லோர் மூளையிலும் அவற்றின் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, ஒரு செல் விடும் ரசாயனம் அதைக் கடந்துபோய் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்கிறது என்று இருபத்திரண்டு வருடமாகப் படம் போட்டவன். படம் கரும்பலகையோடு நின்றுவிட்டது. என் மண்டைக்குள் ஏறவில்லை.

தையல்காரியான என் அக்காவுக்குக் கை நடுக்கம். அந்த ரசாயனங்களில் ஒன்று அவளுக்குக் குறைவு, ஈடுகட்டத்தான் மாத்திரை. "மாத்திரையை நிறுத்தினாத்தான் அடைப்பு பிடிக்கும்" என்றார் மகான். நான் அவளை நிறுத்த வைத்தேன். சில நாளில் அவளால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வறட்டுக் கௌரவம் விடவில்லை.

"ஏண்டா, இடைவெளியைத் தாண்டித்தானே சேதி போகுதுன்னு நீ சொன்னே? அதை அடைச்சா எப்படிடா போகும்?"

"அது பாடம்க்கா. இது அனுபவம்."

இப்படியும் ஒரு பதில் என் வாயிலிருந்து வந்தது.

"சரி, இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ" என்றாள்.

மகான் திரைக்குப் பின்னால்தான் இருப்பார். முகம் பார்த்தால் சக்தி குறையுமாம். திரைக்கு முன்னால் ஒரு செப்புத் தகடு. அதில் கை வைத்துவிட்டதாகக் குரல் கொடுத்தால், இடைவெளி இருப்பவர்களுக்குச் சிவப்பு விளக்கு எரியும். அக்கா பையிலிருந்து ஒரு ரப்பர் கையுறையை எடுத்தாள். உள்ளே வெட்டுத்துணி அடைத்திருந்தது. அதைத் தகட்டில் வைத்தாள்.

"வெச்சாச்சு சாமி."

விளக்கு எரிந்தது.

"பயப்படாதம்மா. மூணு இடத்துல இடைவெளி. தூக்கமே வர்றதில்லையே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்கா திரையை இழுத்துவிட்டாள். மகானின் கால், விளக்கோடு ஒயர் இணைத்த ஒரு மிதிகட்டையின் மேல் இருந்தது.

"முப்பது வருஷமா தையல் மெஷின் மிதிக்கிறேன். மிதிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா?"

மகான் பின்வாசல் வழியே ஓடினார். "அப்ப என் இடைவெளியை யாரு அடைப்பா?" என்று ஒருவர் கவலையோடு கேட்டார்.

அன்றே டாக்டரிடம் போனோம். திட்டு எனக்கு, மாத்திரை அவளுக்கு.

அக்காவின் மாத்திரையை நிறுத்தியது மூளையே இல்லாத அந்தக் கையுறை அல்ல. மூளை இருக்கிற நான். உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. அடுத்த வரிசையில் நிற்குமுன் அதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.