கூண்டு சார் காட்டிய படம்

மூன்றாவது ஸ்லைடிலேயே முதலாளி குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

திரையில் ஒரு அட்டவணை நின்றது. நான்காம் எண் பிரஸ் மெஷின்; ஒரே வருடத்தில் மூன்று பேர்; ஏழு விரல்கள். மெஷினுக்கு முன்னால் ஒரு இரும்புக் கூண்டு மாட்டினால் கை உள்ளே போகாது. இதையே கேட்டுக் கேட்டு, ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்த ஆலைப் பாதுகாப்பு அதிகாரிக்குக் ‘கூண்டு சார்’ என்றே பெயர் விழுந்திருந்தது.

"பட்டியல் வாசிச்சா யாருக்குத்தாங்க தூக்கம் வராது?" என்றாள் வீட்டில் அவர் மனைவி. "கொஞ்சம் அசையுற மாதிரி ஏதாவது போடுங்க."

போட்டார். அடுத்த கூட்டத்தில் எழுத்துகள் குட்டிக்கரணம் அடித்து வந்தன. ஏழு விரல்களும் ஒவ்வொன்றாகத் துள்ளி விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். முதலாளி தூங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்தக் கட்டைவிரலை இன்னொரு தடவை விடுய்யா!"

கூண்டு சாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் சத்தத்தை எடுத்துவிட்டு, திரை முழுக்க ரத்தம் வழிய விட்டார்.

"என்னய்யா இது, தக்காளி சாஸா?" என்றார் மேலாளர். "சாப்பாட்டு நேரத்துல இதெல்லாம் வேணாம்." கூட்டம் பாதியில் கலைந்தது.

அந்த வாரமே எட்டாவது, ஒன்பதாவது விரல்களும் போயின.

கூண்டு சார் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பிரஸ் மெஷின் தொழிலாளி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா இல்லாத பொண்ணு சார். தினமும் நான்தான் தலை பின்னி விடுவேன்."

கேட்கவே கூசியது. கேட்டார். "பின்னுற மாதிரி போட்டோ ஏதாவது இருக்கா?"

"போன்ல வீடியோவே இருக்கு. எடுத்துக்குங்க. கூண்டு வந்தாச் சரி."

இந்த முறை அட்டவணை இல்லை. இருட்டில் மெஷினின் ‘தடக், தடக்’ மட்டும். பிறகு பத்து விரல்கள் பின்னலைக் கோத்துக் கோத்து இறங்கின. தடக் தடக் நெருங்கி நெருங்கி வந்தது. ஒரே ஒரு அடி. திரை கறுத்தது. கடைசியில், அவிழ்ந்த தலையோடு கண்ணாடி முன்னால் அந்தச் சிறுமி.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"ஃபைலைக் கொண்டாங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

கூண்டு சார் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். மனைவிக்குப் போன் போட்டார். "அழுதுட்டாரும்மா" என்றார்.

செயலாளர் பெண் ஃபைலோடு வந்தாள்.

"கூண்டு எப்பம்மா வருது?"

"ஃபைல்ல கூண்டுங்கிற வரியை அடிச்சிட்டாரு சார், மெஷின் பக்கத்துலயே பெரிய டிவி வச்சு உங்க படத்தை நாள் பூரா ஓட்டச் சொல்லிட்டாரு, அதைப் பாத்துக்கிட்டே வேலை செஞ்சா எவனும் கையை உள்ள விடமாட்டானாம்."